கையெழுத்துப் போட்டால் பிள்ளை பொலிஸில் மாட்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் மேற்கு லண்டனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மாணவர் பாதுகாப்புப் பொறுப்பாளர்.)

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 17 வயது. எலக்ட்ரிசியன் அப்ரண்டிஸ்ஷிப் செய்கிறான். கொஞ்சக் காலமாக அறைக்குள் இருந்து வெளிநாட்டவர், முஸ்லிம்கள், பெண்கள் எல்லாரையும் திட்டும் வீடியோக்களையே பார்க்கிறான். நாங்களும் அகதியாக வந்தவர்கள்தானே என்றால், "நீங்கள் வேறை" என்கிறான். வகுப்பில் எழுதிய ஏதோ ஒன்றைப் பார்த்து, பயிற்சி நிலையம், ஆட்கள் தீவிரவாதத்துக்குள் போகாமல் தடுக்கும் 'பிரிவென்ட்' என்ற அரசாங்கத் திட்டத்துக்கு அறிவித்துவிட்டது. இப்போது 'சானல்' என்ற திட்டத்தில் சேர்க்க எங்கள் சம்மதம் கேட்கிறார்கள். கணவர் கையெழுத்துப் போடவே கூடாது என்கிறார். மகனுக்குப் பொலிஸ் பதிவு விழுமா?
— ஒரு தாய், ஹேய்ஸ்

பதில்: தங்கச்சி, உங்கள் கணவரின் பயத்தை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். 1979இல் இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு, யாரோ ஒருவர் பெயரைச் சொன்னதற்காகக் கொண்டுபோன பிள்ளைகளை எங்கள் ஊர்கள் பார்த்திருக்கின்றன. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நடந்த ஆட்கள் இன்றும் இந்த லண்டனில் இருக்கிறார்கள். "உங்கள் மகனைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம்" என்று கேட்டால் அவர்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

இங்கே நடப்பது வேறு. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பிள்ளைகளைத் தீவிரவாதத்துக்குள் இழுபடாமல் காப்பது பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் எங்களைப் போன்ற பயிற்சி நிலையங்களுக்கும் கடமை. நாங்கள் அறிவித்தால் முதலில் பொலிஸின் பிரிவென்ட் பிரிவு அதைப் பார்க்கும். பெரும்பாலான அறிவித்தல்கள் அந்த ஆரம்பக் கட்டங்களைத் தாண்டுவதில்லை. தாண்டியவை கவுன்சில் தலைமை தாங்கும் ஒரு குழுவுக்குப் போகும். கல்வி, சுகாதாரம், சமூக சேவை, பொலிஸ் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் அதில் இருப்பார்கள். பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று அந்தக் குழு முடிவு செய்வதுதான் சானல். ஒரு வழிகாட்டி கிழமைதோறும் வந்து கதைப்பதாக இருக்கலாம், மனநல உதவியாக இருக்கலாம், படிப்புக்கோ வேலைக்கோ கைகொடுப்பதாகவும் இருக்கலாம். சம்மதம் இல்லாமல் அதைத் தொடங்க முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறார்கள்.

இது குற்றப் பதிவு அல்ல. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். அறிவித்த விவரம் பொலிஸின் தகவல் தொகுப்பில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அது இருக்கத்தான் போகிறது. மறுத்தால் இல்லாமல் போவது பிள்ளைக்குக் கிடைக்கும் சானல் உதவிதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சம்மதிப்பேன். சம்மதிக்கும் முன்பு வந்தவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்பேன்: யார் என் பிள்ளையோடு கதைக்கப் போகிறார், என்ன விவரத்தை எங்கே வைத்திருப்பீர்கள், இடையில் விலக முடியுமா. விலக முடியும். அதை அவர் வாயால் உங்கள் கணவரும் கேட்கட்டும்.

"நம்ம பிள்ளை வெள்ளைத் தீவிரவாதியா?" என்று நினைத்து வெட்கப்படாதேங்கோ. பலர் பிரிவென்ட் என்றாலே முஸ்லிம் பிள்ளைகள் என்று நினைக்கிறார்கள். 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 6,900 பேர் அறிவிக்கப்பட்டார்கள். அதில் தீவிர வலதுசாரிக் கவலைகள் 19 சதவீதம், இஸ்லாமியத் தீவிரவாதக் கவலைகள் 13 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் கொள்கை என்று ஒன்றுமே இல்லை, ஆனால் ஏதோ ஒரு பலவீனம் இருந்தது. அதிகமாக அறிவிக்கப்பட்ட வயது 11 முதல் 15 வரை. எங்கள் நிறத்துப் பிள்ளைகள் அந்த வலதுசாரிக் கூட்டத்தின் வீடியோக்களில் அமிழ்ந்து போவதை நான் வேலையில் பார்க்கிறேன். கூட்டம் ஏற்றுக்கொள்ளும் என்ற ஆசைதான் பாதிக் காரணம். "நீங்கள் வேறை" என்று அவன் சொல்லும்போது உங்களை அல்ல, தன்னைத்தான் பிரித்துப் பார்க்கிறான்.

அவனோடு வாதம் செய்யாதேங்கோ. சாப்பாட்டு நேரத்தில், "அந்த ஆள் சொல்வதில் உனக்குச் சரியாகப் படுவது எது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். தகப்பன் இந்த நாட்டுக்கு வந்த கதையை ஒருநாள் முழுமையாகச் சொல்லட்டும். அனேக வீடுகளில் அது துண்டு துண்டாகத்தான் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குண்டு செய்முறை, தாக்குதல் வழிகாட்டி மாதிரியான கோப்புகளை வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். இணையத்தில் பார்ப்பதையும் 2019இல் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். நண்பன் அனுப்பினான் என்று எதையும் சேமிக்கவோ இன்னொருவருக்கு அனுப்பவோ வேண்டாம் என்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் அப்ரண்டிஸ்களை நேரில் போய் மதிப்பிடுபவன். 19 வயதுப் பெடியன் ஒருவன், நல்ல வேலைக்காரன். அண்மையில் ஒரு தாக்குதலைப் பற்றி, "அவங்களுக்கு வேணும்" என்றான். பிறகு, "சேர், ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றான். கோபத்தில் வந்த வார்த்தையா, வேறு ஏதுமா என்று தெரியவில்லை. நான் மேலும் விசாரித்துவிட்டு அறிவிப்பதா?
— ஒரு பயிற்றுநர், குரொய்டன்

பதில்: விசாரிக்காதீர்கள். கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அவன் சொல்வதைக் கேட்பது உங்கள் வேலை. உண்மையைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. "சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. "உனக்கு உதவ வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்லுவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அன்றைக்கே அவன் வாயால் வந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். "தீவிரவாதக் கருத்து" என்று நீங்கள் பெயர் வைக்காதீர்கள். நாள், நேரம், இடம், உங்கள் கையெழுத்து. அதை உங்கள் நிலையத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிரிவென்ட்டுக்கு அறிவிப்பதா, வேறு உதவியா என்று முடிவெடுப்பது அவர் பொறுப்பு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று பட்டால் மட்டும் ஒருவருக்காகவும் காத்திருக்காமல் 999க்கு அழையுங்கள்.

"நல்ல வேலைக்காரன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2017 செப்டெம்பர் 15 அன்று பார்சன்ஸ் கிரீன் நிலையத்தில் ரயிலுக்குள் வெடித்த குண்டை வைத்த அகமட் ஹசன், வேய்பிரிட்ஜில் உள்ள புரூக்லண்ட்ஸ் கல்லூரி மாணவன், 18 வயது. கெட்டிக்காரன் என்று கல்லூரி பரிசு கொடுத்த பிள்ளை. ஈராக்கில் இருந்து தனியாக வந்தவன். பிரித்தானியாவை வெறுப்பது தன் கடமை என்று தன் விரிவுரையாளரிடம் சொல்லியிருக்கிறான். அவர் சும்மா இருக்கவில்லை, அறிவித்தார். சானலும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியும் தாக்குதலைத் தடுக்க முடியவில்லை. அந்த ஆசிரியர் செய்தது சரி. அறிவித்த பிறகு, பல இடங்களில் கிடந்த தகவல்களை ஒன்றாக வைத்துக் கடைசிவரை பார்ப்பதில்தான் ஓட்டை விழுந்தது.

சவுத்போர்ட்டில் 2024 யூலை 29 அன்று மூன்று சிறுமிகளைக் கொன்றவனை 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று தடவை பிரிவென்ட்டுக்கு அறிவித்திருந்தார்கள். தெளிவான கொள்கை எதுவும் இல்லை என்று மூன்று தடவையும் மூடினார்கள். அவசரப்பட்டு மூடிவிட்டதாக 2025இல் வெளிவந்த மீளாய்வு சொன்னது. அதனால்தான் எங்கள் பயிற்றுநர்களிடம் நான் எப்போதும் சொல்வது: அவன் எந்தக் கட்சி, எந்த மதம் என்று தேடாதேங்கோ. முன்பு இருந்த பிள்ளை இப்போது எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். நண்பர்களை விட்டானா, நித்திரை இல்லையா, வன்முறையைப் பற்றி விருப்பத்தோடு கதைக்கிறானா?

எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கிழமை கழித்து, "என்ன நடந்தது?" என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் அவர் சொல்ல முடியாது. ஆனால் கேட்பவர் இருந்தால் கோப்பு மேசையில் தூங்காது. அடுத்த முறையும் அந்தப் பெடியனைப் போய்ப் பாருங்கள், வழமைபோல. நீங்கள் ஒதுங்கினால் அவனுக்கு மிஞ்சியிருப்பது அந்த வீடியோ ஆட்கள் மட்டுந்தான்.

கேள்வி: எங்கள் ஆங்கில வகுப்பில் ஒரு பெண் காசாவைப் பற்றி அழுது கோபமாகப் பேசினாள். இதையும் அறிவிக்க வேண்டுமா?
— ஈஸ்ட்ஹாம்

பதில்: வேண்டாம். அரசாங்கத்தைத் திட்டலாம், ஊர்வலம் போகலாம், அழலாம். அது அவளுடைய உரிமை. வன்முறையை நியாயப்படுத்துவதும் தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு தேடுவதும் வேறு விஷயம். தலையில் முக்காடு போட்ட பிள்ளை அரசியல் பேசியதற்காக எழுதிக் கொடுத்தால், இந்தத் திட்டத்தின் மேல் முஸ்லிம் பெற்றோர் வைத்திருக்கும் சந்தேகத்தை நாங்களே உண்மையாக்கிவிடுவோம். அவளுக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுங்கள், அங்கே அவளுக்கு உறவுகள் யாரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: மாவீரர் நாளுக்குப் போகும் என் மகள், புலிச் சின்னம் போட்ட உடுப்போடு பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் என்கிறாள். பிரச்சினை வருமா?
— ஹரோ

பதில்: வரும். விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்று நியாயமாகச் சந்தேகிக்கும்படி அதன் சின்னத்தைப் பொது இடத்தில் அணிந்தால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். வகுப்புக்குப் போகும் வழியில் பேருந்தும் தெருவும் பொது இடந்தான். இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றுவது குற்றமல்ல. கார்த்திகைப் பூ சூடிக்கொண்டு போகட்டும். அதைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால், நவம்பர் 27 எங்களுக்கு என்ன நாள் என்று அவள் வகுப்பில் சொல்லட்டும். நல்ல பயிற்றுநர் என்றால் அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பார். ஒதுக்காவிட்டால் என் பெயருக்கு எழுதுங்கள், நான் அவரோடு கதைக்கிறேன்.