அப்டேட் போட்டதிலிருந்து போன் சுடுகிறது, ரீசெட் போட்டுவிடலாமா?

நேற்று சாஃப்ட்வேர் அப்டேட் போட்டீர்கள், அதிலிருந்து சும்மா வைத்திருந்தாலே போன் சுடுகிறது, சார்ஜும் மடமடவென்று இறங்குகிறது, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிது போலாக்கும் ஃபேக்டரி ரீசெட் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது போடாதீர்கள்.

முந்தைய போனில் இதே பதற்றத்தில் ரீசெட் போட்டவன் நான். போட்டோ, கான்டாக்ட் எல்லாம் பேக்கப்பில் பத்திரமாக இருந்தன. ஆனால் பாட்டி பேசப் பேச நான் பதிவு செய்து வைத்திருந்த நான்கு ஆடியோக்கள் போனுக்குள், ரெக்கார்டர் ஃபோல்டரில் மட்டுமே இருந்தன. அவை பேக்கப்பில் சேரவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பாட்டி இப்போது இல்லை. இவ்வளவையும் இழந்த பிறகு மறுநாளும் போன் சுட்டது!

காரணம் இதுதான். அப்டேட் முடிந்து திரை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே வேலை அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு உங்கள் ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்ப மறுபடி கம்பைல் செய்யும், அதாவது வேகமாக ஓடும் வடிவுக்கு மாற்றி வைக்கும். ஐபோன் தேடலுக்கான இண்டெக்ஸை, அதாவது எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, புதிதாக உருவாக்கும், கேலரியில் உள்ள படங்களை அலசும். ஆப்களும் தங்கள் பங்குக்கு அப்டேட் இறக்கும். ஆயிரக்கணக்கில் படங்கள் வைத்திருந்தால் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். ரீசெட் போட்டால் ஆப்களை இறக்குவதில் தொடங்கி இத்தனையும் முதலிலிருந்து நடக்கும். நான் செய்தது அதைத்தான்.

அதனால் இன்று இரவு கவரைக் கழற்றிவிட்டு, வைஃபையில் இணைத்து, சார்ஜரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுங்கள். மெத்தைமேலோ தலையணைக்கு அடியிலோ வேண்டாம். இந்தப் பின்னணி வேலைகளில் பலவற்றை, போன் சார்ஜில் சும்மா கிடக்கும்போதுதான் சிஸ்டம் செய்து முடிக்கும். இரண்டு நாள் இப்படி விடுங்கள்.

மூன்றாம் நாளும் சுட்டால், எங்கே சுடுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான போன்களில், போனின் மூளையான பிராசசர் இருப்பது மேல்பக்கம், கேமராவை ஒட்டி. பேட்டரி அதற்குக் கீழே. சார்ஜில் இல்லாதபோதும் கேமரா பக்கம் மட்டும் சூடு என்றால் ஏதோ ஒரு ஆப் ஓயாமல் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். சார்ஜ் போடும்போது மட்டும் கீழ்ப்பக்கம் கொதித்தால் சார்ஜரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

இப்போதைய போனில் எனக்கு நடந்தது முதல் வகை. செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தேன். வீடியோ ஆப்களைத் தாண்டி, போட்டோ பேக்கப் ஆப் முதலிடத்தில் நின்றது. நான் அதைத் திறந்தே பல நாள் ஆகியிருந்தது, ஆனால் பின்னணியில் மணிக்கணக்காக ஓடியிருந்தது. திறந்து பார்த்தால், ஒரே ஒரு பெரிய வீடியோ பாதிவரை ஏறுகிறது, நிற்கிறது, திரும்ப முதலிலிருந்து ஏறுகிறது. அந்த வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு போனில் அழித்தேன். அரை மணி நேரத்தில் போன் ஆறிவிட்டது. உங்களுக்கு வேறு ஆப்பாக இருக்கலாம், பார்க்க வேண்டிய இடம் அந்தப் பக்கம்தான்.

அங்கே எதுவும் தென்படவில்லை என்றால், ஆண்ட்ராய்டில் சேஃப் மோடில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். நீங்கள் நிறுவிய ஆப்கள் எதுவும் அதில் ஓடாது. அப்போது ஆறினால் சிஸ்டத்தின்மேல் தப்பில்லை. சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடும் இடத்திலும் போன் சூடாகும், டவரைப் பிடிக்க அதிக சக்தி செலவழிக்கும். அங்கே 5ஜியை அணைத்து 4ஜியில் வைத்துப் பாருங்கள்.

தவறு அப்டேட்டிலேயே இருப்பதும் உண்டு. 2023இல் ஐபோன் 15 ப்ரோ சுட்டபோது பலர் அதன் டைட்டானியம் வெளிச்சட்டகத்தைக் குறை சொன்னார்கள். ஐபோனின் சிஸ்டமான ஐஓஎஸ் 17இல் ஒரு பிழை இருப்பதாகவும், சில ஆப்கள் பிராசசருக்கு அதிக வேலை வைப்பதாகவும் ஆப்பிளே சொன்னது. அக்டோபரில் வந்த 17.0.3 அதைச் சரிசெய்தது. ஆகவே ஒரு சின்ன அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் உடனே போடுங்கள்.

சூடான போனை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், உள்ளே ஈரம் படியும். அணைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் வைத்தால் போதும். பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை லேசாகத் தூக்கியிருந்தாலோ மட்டும் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் நேரே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ரீசெட்தான் வழி என்றால், அதற்கு முன் ஃபைல் மேனேஜரைத் திறந்து ரெக்கார்டிங், டவுன்லோட் ஃபோல்டர்களைக் கம்ப்யூட்டருக்கு காப்பி எடுங்கள். எடுத்ததில் இரண்டு மூன்றைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த பட்டனைத் தொடுங்கள்.