மாவட்ட சபை இருந்த காலம்

வாசகர் கடிதம்

அன்பின் ஐயா,

அப்பாவின் பழைய கடதாசிக் கட்டைக் கிளறியபோது சைக்கிள் வரி கட்டிய பற்றுச்சீட்டு ஒன்று அகப்பட்டது. 1983 ஆம் ஆண்டுக்குரியது. மேலே 'மாவட்ட அபிவிருத்தி சபை, திருகோணமலை' என்று இருக்கிறது. இப்படியொரு சபையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. கச்சேரியைத்தான் அப்படிச் சொன்னார்களா? யார் யார் அதில் இருந்தார்கள்? இப்போது எங்கள் ஒழுங்கையின் வடிகாலுக்காக ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குகிறேன். மாவட்டம் முழுவதற்கும் ஒரே சபை இருந்தால் இந்த அலைச்சல் இருக்காதே?

வாசகி, திருகோணமலை

பதில்

அன்பின் தங்கச்சிக்கு,

கச்சேரி வேறு, அந்தச் சபை வேறு. கச்சேரி வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அரசாங்க அதிபரின் கந்தோர். அங்கே எல்லாரும் நியமனத்தில் வந்தவர்கள். மாவட்ட அபிவிருத்தி சபைக்கோ சனம் வரிசையில் நின்று வாக்குப் போட்டது. 1980 இன் 35 ஆம் இலக்கச் சட்டப்படி 24 மாவட்டங்களுக்கும் 24 சபைகள். தேர்தல் நடந்தது 1981 ஜூன் 4 இல். யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததும் அதே கிழமைதான். சுதந்திரக் கட்சி அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது, தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிட்டது.

வாக்கில் வந்தவர்களோடு மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும் சபையில் இருந்தார்கள். அப்போது எங்களுக்குத் திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தொகுதிகள். 1977 இல் திருகோணமலையை வென்றவர் இரா. சம்பந்தன், மூதூரை வென்றவர் மஹ்ரூப். ஆனால் கடிவாளம் இவர்கள் கையில் இல்லை. சனாதிபதி நியமிக்கும் மாவட்ட அமைச்சர் என்று ஒருவர் மேலே இருந்தார். அவர் அந்த மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. காசு கொழும்பிலிருந்து வர வேண்டும், திட்டத்துக்கு மாவட்ட அமைச்சர் தலையாட்ட வேண்டும். அப்புறம் அந்தச் சபை என்ன செய்திருக்கும்?

இந்த மாவட்ட சபைக் கதை 1981 இல் தொடங்கியதல்ல. 1965 இல் டட்லி சேனநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்திலேயே மாவட்ட சபைகள் வந்துவிட்டன. அதன்படி உள்ளூராட்சி அமைச்சரானவர் செனட்டர் மு. திருச்செல்வம். 1968 இல் வெள்ளை அறிக்கை வரை வந்து, எதிர்ப்புக்குப் பயந்து அரசாங்கம் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு திருச்செல்வம் பதவியையும் விட்டார். காரணம் எங்கள் ஊர்தான். கோணேசர் கோயில் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் போட்ட குழுவைப் பிரதமர் நிறுத்திவிட்டார். பதினொரு ஆண்டு கழித்து, 1979 இல், மாவட்ட சபைக்கு வழி சொல்ல அரசாங்கம் நியமித்த ஆணைக்குழுவில் அவருடைய மகன் நீலன் திருச்செல்வம் உட்கார்ந்தார். தகப்பனுக்குக் கிடைக்காததை மகன் கையில் பெயரளவுக்குக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனாலும் அந்தச் சபை பலமில்லாமல் போனதற்காக நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அது வந்தபோது எதை விழுங்கியது என்பதுதான் எனக்கு முக்கியம். நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் எண்பதுக்கு மேற்பட்ட பட்டின சபைகளும் அதோடு மூடுவிழாக் கண்டன. அப்பா சைக்கிள் வரியை மாவட்ட சபையின் பெயரில் கட்ட வேண்டி வந்தது அதனால்தான். கிராம சபை ஒன்றும் சொர்க்கமில்லை. குடும்பச் சண்டையும் சாதிச் சண்டையும் அங்கே நிறைய. என்றாலும் உறுப்பினர் உங்கள் வாசலால்தான் சந்தைக்குப் போக வேண்டும், கிணற்றடியில் மறித்துக் கேட்கலாம். அதற்குப் பதிலாகக் கிராமோதய மண்டலம் என்று ஒன்றைத் தந்தார்கள். அதில் இருந்தவர்கள் ஊர்ச் சங்கங்களின் தலைவர்கள். அவர்களுக்கு ஊர்ச்சனம் வாக்குப் போட்டதில்லை.

பிறகு 1987 இல் இரண்டு சட்டம் வந்தது. ஒன்றில் மாகாண சபை, மற்றதில் பிரதேச சபை. மாவட்ட சபை நடுவிலே நசிந்து காணாமல் போயிற்று. வடக்கு கிழக்கு மாகாண சபைக்குத் திருகோணமலையே தலைநகரமாக இருந்ததில் பழைய மாவட்ட சபையை நினைக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. பிரதேச சபையோ ஏ.ஜி.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) பிரிவின் அளவுக்கு வெட்டியது. கிராம சபைக்கு அது ஈடில்லை.

இப்போது மாவட்டத்தில் 13 சபைகள். பதினொன்று பிரதேச சபை. மற்ற இரண்டும் திருகோணமலையும் கிண்ணியாவும். நகரசபையாக இருந்த திருகோணமலை இப்போது மாநகரசபை. உப்புவெளிக்காரர் தாங்களும் ரவுணுக்குள்தான் என்று நினைத்திருப்பார்கள், அவர்களுக்கான சபையோ 'பட்டினமும் சூழலும்'. கிண்ணியாவில் நகரசபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. உங்கள் அலைச்சலில் பாதி இந்த எல்லைகளால் வருவது.

இதையெல்லாம் ஒன்றாகக் கட்டினால் சரியாகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரில் எவருக்கும் இங்கே பாதித் தொகை இல்லை. ஒரே சபை என்றால் தவிசாளர் கதிரைக்கே நான்கு வருடமும் இழுபறி. பதின்மூன்றாக இருப்பதால் வெருகலுக்கும் மூதூருக்கும் கோமரங்கடவலவுக்கும் தங்கள் தங்கள் சபை என்று ஒன்றாவது இருக்கிறது.

2018 இலிருந்து சபை உறுப்பினரில் நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரத்தில் வென்று வருகிறார்கள், நாற்பது பேர் கட்சிப் பட்டியலில் வருகிறார்கள். பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு. நாடு முழுவதும் உறுப்பினர் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானதைப் பார்த்துச் சனம் சிரித்தது நியாயம்தான். ஆனால் வட்டாரம் திரும்பி வந்ததை நான் வரவேற்கிறேன். விருப்பு வாக்குக் காலத்தில் எவர் எந்தத் தெருவுக்குப் பொறுப்பு என்றே தெரியாது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்களே எல்லாவற்றையும் நடத்தினார்கள். அப்போது வடிகாலைப் பற்றிப் பேசத் தெரிவான ஆள் ஒருவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்.

உங்கள் வடிகால் விஷயத்துக்கு வருவோம். ஒழுங்கை சபையின் பதிவில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் வடிகாலும் சபையின் பொறுப்பு, டீ.எஸ். ஒபிஸுக்கு (பிரதேச செயலகத்துக்கு) அலைய வேண்டியதில்லை. கடிதத்தைத் தவிசாளருக்கு எழுதி, வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி கொடுங்கள். செயலாளருக்கும் ஒன்று. கையோடு கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.