ஆர்.எக்ஸ். 100 கேள்வி பதில்: பெயிண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீட்டிலேயே யமஹா ஆர்.எக்ஸ். 100 என்ற பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கைத் தேற்றுகிறவர்கள், பல வருடம் கழித்து மறுபடி வண்டி ஏறுகிறவர்கள் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, கொட்டகையில் பல வருடம் நின்ற வண்டி ஒன்று வருகிறது. முதலில் எதைப் பார்க்கணும்?

காகிதத்தை. சேஸிஸ் நம்பர் மேலும் இன்ஜின் நம்பர் மேலும் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யோடு ஓர் எழுத்து மாறினாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985-ல் வந்தது, 1996-ல் நின்றது. 15 வருடப் பதிவு எல்லா வண்டிக்கும் எப்போதோ முடிந்திருக்கும். அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயரில் இருப்பவர் இறந்துவிட்டார் என்றால் வாரிசு பெயருக்கு படிவம் 31-ல் மாற்றி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் வண்டியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"2002 மாடல்" என்று விற்கிறார்களா? அது ஆர்.எக்ஸ். 135 ஆக இருக்கலாம். ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

மதுரையிலிருந்து: சிலிண்டரைக் கடைந்து (போர் பண்ணி) புது பிஸ்டன் போட்டேன். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் தானாக ஏறுகிறது. கார்ப்பரேட்டரை மூன்று தடவை கழற்றிவிட்டேன்.

கார்ப்பரேட்டரை விடுங்கள். கிராங்க் ஆயில் சீல்! கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் அது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் தண்டு சுற்றும் அடிப்பெட்டிக்குள், அதாவது கிராங்க் கேஸுக்குள் போய், பிஸ்டன் இறங்கும் அழுத்தத்தில்தான் மேலே ஏறுகிறது. அதனால் கிராங்க் கேஸ் எங்கே ஒழுகினாலும் கலவை கெடும். இடது பக்கம், மின்சாரம் தரும் மேக்னெட்டுக்குப் பின்னால் இருக்கும் சீல் காய்ந்து விரிசல் விட்டால் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜின் தானாக ரேஸ் ஆகும், சூடேறும், பிளக் வெள்ளையாகத் தெரியும். அப்படியே ஐம்பது கிலோமீட்டர் அழுத்தி ஓட்டினால் புது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகிவிடும். திரும்பவும் லேத் பட்டறைதான்.

வலது பக்கம், கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை வேறு. கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிவிடும். வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் அளவும் இறங்கிக்கொண்டே வரும். பலர் இதைப் பார்த்து "2டி ஆயில் ஜாஸ்தி" என்று, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் அந்த டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் குறைத்து, இன்ஜினைக் கொன்றுவிடுகிறார்கள்.

மேக்னெட்டைப் புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும், சுத்தியலால் தட்டக் கூடாது. சீலை எடுத்து உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளையாமல் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தால் அதுதான் குற்றவாளி. கிராங்க் தண்டில் சீல் உராய்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் புதுச் சீலும் நிற்காது.

சேலத்திலிருந்து: என் வண்டி நல்ல கண்டிஷன். எவ்வளவு போகும் சார்?

மேலே எழுதியிருக்கிறேனே.

தஞ்சாவூரிலிருந்து: டேங்க் உள்ளே துரு. அடியில் ஊசி ஓட்டை. வெல்டிங் வைக்கலாமா?

பெட்ரோல் இருந்த டேங்கில் நெருப்பு வைக்கவே கூடாது. காலியாக இருந்தாலும் ஆவி உள்ளே நிற்கும், வெடிக்கும். ஓட்டையை அந்த வேலையே செய்கிறவரிடம் கொடுங்கள்.

துருவை மட்டும் வீட்டில் எடுக்கலாம். டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் திருகு குழாயைக் (காக்) கழற்றி, அந்த வாயை அடைத்துவிட்டு, சோப்புத்தூள் போட்டுக் கழுவுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும், அதுதான் சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, 2டி ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிடுங்கள். காய்வதற்குத் தாமதமானால் அரை மணியில் மறுபடி செந்துரு படியும்.

நாமக்கல்லிலிருந்து: எங்கள் மெக்கானிக் ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலக்கச் சொல்கிறார். சரியா?

சரியில்லை. பம்ப் இன்ஜினோடு சுற்றுகிறது, ஆக்ஸிலேட்டர் கேபிளோடும் இணைந்திருக்கிறது. வேகத்துக்கும் ரேஸுக்கும் தக்கபடி ஆயில் கொடுக்கும். லிட்டருக்கு 25 மில்லி என்று கலந்தால் எல்லா நேரமும் அதே விகிதம்தான். கழற்றி எறிவது மெக்கானிக்கின் தலைவலி போக, உங்கள் நன்மைக்கு அல்ல.

கோவையிலிருந்து: வணக்கம் அண்ணா, ரேஸ் தானாக ஏறுகிறது, கார்ப்பரேட்டர்...

மதுரைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

நாமக்கல்லிலிருந்து மறுபடி: பம்ப் நடுவழியில் நின்றால் எப்படித் தெரியும்? சீஸ் ஆன பிறகுதானே? கலந்து ஊற்றினால் அந்தப் பயமே இல்லையே.

பாதி நியாயம். பம்ப் நின்றது தெரியாது, உண்மை. ஆனால் நீங்கள் எந்த ஊர்? கொல்லிமலை பக்கம். அந்த 70 கொண்டை ஊசியிலும் ஆக்ஸிலேட்டரை மூடி, கியரில் இறங்கிப் பாருங்கள். கலவையில் ஆயில் என்றால் பெட்ரோல் குறையும்போது ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. இன்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பம்ப் இருந்தால் இன்ஜின் சுற்றும்வரை கொஞ்சமாவது கொடுக்கும்.

கரூர்க்காரர்: ரேஸ் பைக்கில் எல்லாம் கலந்துதானே ஓட்டுகிறார்கள்?

அந்த இன்ஜினை எத்தனை தடவை பிரித்துப் பார்க்கிறார்கள்? நீங்கள் தினம் ஆபீஸ் போய்வருகிறவர்.

நாமக்கல்: இறக்கத்தில் நான் நடுநடுவே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து விடுவேனே.

அது நல்ல பழக்கம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் தம்பி ஓட்டும்போது யார் திறப்பது? பம்ப்பைச் சந்தேகப்பட்டால் பழுது பாருங்கள். அதில் காற்று எடுக்கும் ஸ்க்ரூ உண்டு. அதைத் திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை வடியவிட்டு மூடுங்கள். முதல் டேங்க் பெட்ரோலுக்கு மட்டும் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் ஆயில் கலந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு இதைப் பற்றி உங்களோடு சண்டை போட மாட்டேன்.

திருச்சியிலிருந்து: கல்யாணத்துக்கு அப்புறம் இருபது வருடமாக வண்டி ஓட்டவில்லை. லைசென்ஸும் முடிந்துவிட்டது.

முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். அது நல்லதுதான். இருபது வருடத்தில் சாலை மாறிவிட்டது. உங்கள் முன்னால் போகிற புது பைக்கில் சக்கரம் பூட்டாமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். இருக்கலாம், அவர் சட்டென்று நிற்பார். உங்களுடையது ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கும் பெரிதாகப் பிடிக்காது. காலி மைதானத்தில் முப்பதில் வந்து, முன் பிரேக்கை மெல்ல அழுத்தி நிற்கப் பழகுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும்: 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயர் வேண்டாம்.

ஓசூரிலிருந்து: யெஸ்டி 250 கிக்கர்...

யெஸ்டி என் வேலையில்லை தம்பி. கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டு என்பது வரைதான் தெரியும். யெஸ்டி ஆளைப் பிடியுங்கள்.

விருதுநகரிலிருந்து: 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

பழைய ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் கெட்டுப்போகும், மாற்றிவிடுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிடுங்கள். பிளக் வெளுத்தால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கலாம். ஆனால் அதற்கு முன்னால்... ஆமாம், சீல்.

வேலூரிலிருந்து: கறுப்பு வண்டி, சிவப்பு அடிக்கலாம் என்றிருக்கிறேன். எந்த பெயிண்ட்?

ஆர்.சி.யில் கறுப்பு என்றிருந்தால் சிவப்பை ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பெயிண்ட் பேச்சு அப்புறம். இன்ஜின் ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா?