கும்பல் கொலைகளில் அப்ரூவர்களின் வாக்குமூலத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: மாஃபியா போன்ற கும்பல்கள் செய்த கொலைகளை வெளிக்கொணர்ந்தவர்கள் பெரும்பாலும் அப்ரூவர்களாக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறிய, அதே கும்பலைச் சேர்ந்த கொலையாளிகளாகவே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நம்பி மற்றவர்களைத் தண்டிப்பதும், அதற்கு ஈடாக அவர்களுக்குத் தண்டனையைக் குறைப்பதும் சரியா?

அவர்கள் சொல்வதைக் கட்டாயம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். சொல்லிவிட்டார்கள் என்பதற்காகவே நம்பிவிடக் கூடாது என்பதுதான் என் பதில். பல ஆண்டுகளாக இத்தகைய வழக்குகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். தன் குற்றத்தையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிற ஒருவன் பொய் சொல்ல என்ன காரணம் இருக்க முடியும் என்றுதான் தொடக்கத்தில் நானும் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை அடியோடு மாற்றிய வழக்கைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், இவர்கள் இல்லாமல் ஏன் முடியாது என்பதைப் பார்க்க வேண்டும். சாதாரணக் கொலையில் கொன்றவருக்கும் இறந்தவருக்கும் இடையே பகையோ பணமோ உறவோ இருக்கும். காவல்துறை அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போகும். கும்பல் கொலையில் அந்த நூலே இருப்பதில்லை. 1930களில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் இயங்கிய, பத்திரிகைகள் ‘மர்டர் இன்க்’ என்று பெயரிட்ட கூலிப்படை, பெயரைக்கூட அறியாத ஒருவரைக் கொல்ல வேற்றூருக்கு ஆள் அனுப்பும். வேலை முடிந்ததும் அந்த ஆள் ரயிலேறிவிடுவான். உத்தரவிட்டவரோ சம்பவ இடத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பார். 1940இல் பிடிபட்ட, அந்தக் கூலிப்படையைச் சேர்ந்த ஏப் ரெலிஸ் வாய் திறந்த பிறகுதான் பல ஆண்டுகளாகத் துப்புத் துலங்காமல் கிடந்த டஜன்கணக்கான கொலைகளுக்கு விடை கிடைத்தது. 1941 நவம்பர் 12 அன்று, காவலர்கள் சூழ இருந்தபோதே, கோனி ஐலண்டில் உள்ள ஹாஃப் மூன் ஹோட்டலின் ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து அவர் இறந்தார். அந்த மாத இறுதியிலேயே கும்பல் தலைவர் லெப்கே புக்கால்டர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1944இல் மின்சார நாற்காலியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கில் வேறு சாட்சிகளும் இருந்தார்கள். ரெலிஸ் ஒருவரையே பெரிதும் நம்பியிருந்த, கும்பலின் மற்றொரு தலைவரான ஆல்பர்ட் அனஸ்டாசியா மீதான வழக்கோ அவரோடு சேர்ந்து விழுந்துவிட்டது.

இனி, என் எண்ணத்தை மாற்றிய வழக்குக்கு வருகிறேன். 1965 மார்ச்சில், பாஸ்டனுக்கு அருகே உள்ள செல்சியில் எட்வர்ட் டீகன் என்பவர் ஒரு சந்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையில் பங்கெடுத்த ஜோசப் பார்போசா பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, உண்மையிலேயே தொடர்புடைய சிலரோடு, தொடர்பே இல்லாத நால்வரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். 1968இல் அந்த நால்வரில் மூவருக்கு மரண தண்டனையும் ஜோசப் சல்வாத்தி என்பவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. சல்வாத்தி செய்திருந்த குற்றம், பார்போசாவிடம் வாங்கிய 400 டாலர் கடனைத் திருப்பித் தராததுதான். அதே நேரத்தில், கொலையில் பங்கெடுத்திருந்த தன் நண்பர் வின்சென்ட் ஃப்ளெம்மியின் பெயரைப் பார்போசா சாட்சியத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இதில் என்னை உலுக்கியது பார்போசாவின் பொய் அல்ல; அப்படிப்பட்ட ஒருவரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? கும்பல் தலைவர் ஒருவரின் அலுவலகத்தில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ரகசியமாக வைத்திருந்த ஒட்டுக்கேட்புக் கருவியில், டீகனைக் கொல்லப் பார்போசாவும் ஃப்ளெம்மியும் அனுமதி கேட்டது கொலைக்கு முன்பே பதிவாகியிருந்தது. ஃப்ளெம்மியோ எஃப்பிஐக்கே தகவல் தந்துகொண்டிருந்தவர். ஆக, சாட்சி சொல்வது பொய் என்பதைக் காட்டக்கூடிய காகிதங்கள் அரசாங்கத்தின் அலமாரியிலேயே இருந்தும், அவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்குக் காட்டப்படவே இல்லை. மரண தண்டனைகள் பின்னர் ஆயுளாகக் குறைக்கப்பட்டாலும், நால்வரில் இருவர் சிறையிலேயே இறந்தனர். மற்ற இருவரும் முப்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டு வெளியே வந்தனர். 2007இல் நீதிபதி நான்சி கெர்ட்னர் அவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். அந்த விவரங்களைப் படித்த நாளில் எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. தன் குற்றத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்பவனுக்குப் பொய் சொல்லக் காரணம் உண்டு: பழைய கடனைத் தீர்த்துக்கொள்ளலாம், நண்பனைக் காப்பாற்றலாம், அதிகாரிகள் விரும்பும் பெயரைத் தந்து தன் விலையை உயர்த்திக்கொள்ளலாம். ஒன்பது பங்கு உண்மைக்குள் ஒரு பங்கு பொய்யை வைப்பது அவனுக்கு மிக எளிது; அந்த ஒன்பது பங்கு உண்மைதான் பொய்க்கும் சேர்த்து நம்பகத்தைத் தேடித் தருகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடந்திருக்கிறது. 1973இல் சிசிலியின் பலெர்மோ நகரில் லியோனார்தோ விதாலே என்ற மாஃபியா உறுப்பினர், மனசாட்சி உறுத்தியதால், தானாகவே காவல்துறையிடம் போய்த் தான் செய்த கொலைகளையும் மாஃபியாவின் உள்ளமைப்பையும் விவரித்தார். அவர் மனநலம் சரியில்லாதவர் என்று முடிவு கட்டப்பட்டு மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். அவர் குற்றம் சாட்டியவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். 1984இல் அவர் வெளியே வந்த சில மாதங்களில், தேவாலயத்தில் பூசை முடிந்து தாயுடன் திரும்பும்போது சுடப்பட்டு இறந்தார். அவர் சொன்னதை மாஃபியா மறக்கவில்லை, மறந்தது அரசுதான்.

அதே 1984இல்தான் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட மாஃபியா உறுப்பினர் தொம்மாசோ புஷெட்டா, விசாரணை நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயிடம் பேசத் தொடங்கினார். இரண்டு மகன்களையும் அண்ணனையும் இன்னும் பல உறவினர்களையும் மாஃபியாவின் எதிரணியிடம் இழந்திருந்த அவருக்குப் பழிவாங்கும் எண்ணம் இல்லாமல் இருந்திருக்காது. ஃபால்கோனே அதை மறைக்கவும் இல்லை, அதற்காக அவரை ஒதுக்கவும் இல்லை. வாக்குமூலத்தைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கூற்றையும் வங்கிக் காசோலைகள், பயணப் பதிவுகள், பழைய வழக்குக் கட்டுகள் ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தார். 1986 பிப்ரவரியில் தொடங்கிய மாபெரும் வழக்கில் 470க்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டனர். 1987 டிசம்பரில் 19 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடுகளைத் தாண்டி 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கு விலையாக, அதே ஆண்டு மே 23 அன்று பலெர்மோவுக்கு அருகே உள்ள கபாச்சியில் ஃபால்கோனேயும் அவர் மனைவியும் மூன்று மெய்க்காவலர்களும், ஜூலை 19 அன்று பலெர்மோவில் அவருடைய தோழரான நீதிபதி பாவ்லோ பொர்செல்லினோவும் ஐந்து மெய்க்காவலர்களும் வெடிகுண்டுகளுக்குப் பலியானார்கள்.

சரிபார்ப்பு என்றால் என்ன என்பதை மிகத் துல்லியமாகக் காட்டுவது பொர்செல்லினோ கொலை வழக்குதான். அவரைக் கொன்ற வெடிகுண்டு ஒரு ஃபியட் 126 காரில் வைக்கப்பட்டிருந்தது. வின்செஞ்சோ ஸ்கரந்தினோ என்ற சில்லறைக் குற்றவாளி, அந்தக் காரைத் திருட ஏற்பாடு செய்தது தானே என்று 1994இல் ‘ஒப்புக்கொண்டார்’. இடையிடையே தன் வாக்குமூலத்தை அவரே மறுத்தும், அதன் அடிப்படையில் பலர் ஆயுள் தண்டனை பெற்றனர். 2008இல் காஸ்பரே ஸ்பத்தூட்சா என்ற மாஃபியா கொலையாளி, காரைத் திருடியது தான்தான் என்றும், அதன் பிரேக் தேய்ந்துபோயிருந்ததால் குண்டு வைப்பதற்கு முன் அதைப் பழுதுபார்க்கச் சொன்னதாகவும் கூறினார். பதினாறு ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டிருந்த சிதைவுகளை நிபுணர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, பிரேக் பாகங்கள் உண்மையிலேயே புதிதாக மாற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. ஸ்கரந்தினோவின் கதையில் இல்லாத விவரம் அது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்கள் 2011இல் வெளியே வந்தனர். ஸ்கரந்தினோவின் பொய்க்கு விசாரணை அதிகாரிகளே தூண்டுதலாக இருந்தனர் என்று நீதிமன்றம் பின்னர் கண்டறிந்தது. ஒரு வாக்குமூலத்தை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது இத்தகைய பிரேக் விவரத்தைத்தான்: சொல்பவருக்கு எந்த லாபமும் தராத, கேட்பவர் எதிர்பார்க்காத, ஆனால் போய்ப் பார்த்தால் அங்கே இருக்கிற ஒரு சிறு பொருள்.

கெவின் வீக்ஸ் தந்ததும் அத்தகைய விவரமே. பாஸ்டன் கும்பல் தலைவர் ஜேம்ஸ் பல்ஜரின் வலக்கையாக இருந்த அவர், 2000 ஜனவரியில் டோர்செஸ்டர் பகுதியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பள்ளத்தைக் காட்ட, அங்கே மூன்று பேரின் எலும்புகள் கிடைத்தன. ஒரு வீட்டின் அடித்தளத்தில் முதலில் புதைக்கப்பட்டிருந்த அந்த உடல்கள், வீடு விற்பனைக்கு வந்ததும் தோண்டியெடுக்கப்பட்டு அங்கே மாற்றப்பட்டவை. இந்தப் பல்ஜரும் எஃப்பிஐயின் இன்ஃபார்மர்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நீதிமன்றத்தில் முகம் காட்டி, குறுக்கு விசாரணைக்கு உட்படும் அப்ரூவர் வேறு. யாருக்கும் தெரியாமல் ஓர் அதிகாரியிடம் மட்டும் கிசுகிசுக்கும் இன்ஃபார்மர் வேறு. 1982இல் பல்ஜருக்கு எதிராக எஃப்பிஐயிடம் பேசிய ப்ரையன் ஹாலரன் சில மாதங்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை வீட்டில் இறக்கிவிடக் காரில் ஏற்றிக்கொண்ட, எந்தக் குற்றத்திலும் தொடர்பில்லாத ஒருவரும் கூடவே இறந்தார். ஹாலரன் பேசியதைப் பல்ஜருக்குச் சொல்லிவிட்டவர் எஃப்பிஐ அதிகாரி ஒருவரே. ரகசியத்தை வைத்துக்கொள்ளும் அதிகாரியே அதை விற்கத் தொடங்கினால், இன்ஃபார்மர் என்பவர் கொலைகளை வெளிக்கொணர்பவராக இல்லாமல் கொலை செய்ய உரிமம் பெற்றவராகிவிடுகிறார்.

தண்டனைக் குறைப்பு நியாயமா என்பதற்கு என்னால் நிம்மதியாகப் பதில் சொல்ல முடியாது. 19 கொலைகளில் தன் பங்கை ஒப்புக்கொண்ட சால்வத்தோரே கிரவானோ, 1992இல் தன் தலைவரான நியூயார்க் மாஃபியா தலைவர் ஜான் காட்டிக்கு எதிராகச் சாட்சி சொன்னதற்காக ஐந்து ஆண்டுத் தண்டனையே பெற்றார். பின்னர் போதை மாத்திரை விற்று மீண்டும் சிறைக்குப் போனார். இத்தாலி 2001இல் சட்டத்தைத் திருத்தி, ஒத்துழைப்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமானவற்றை 180 நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும் என்றும், தண்டனையில் ஒரு பகுதியையாவது அனுபவித்தே தீர வேண்டும் என்றும் விதித்தது சரியான வழி என்று நினைக்கிறேன். ஞாபகத்தைத் தவணை முறையில் விற்பதற்கு அங்கே இடமில்லை.

கபாச்சி குண்டை வெடிக்கச் செய்து, பின்னர் அப்ரூவரான ஜொவான்னி ப்ரூஸ்கா, 25 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு 2021இல் விடுதலையானபோது இத்தாலியே கொதித்தது. ஃபால்கோனேயின் சகோதரி மரியா, மனிதராகத் தமக்கு வலித்தாலும் தம் சகோதரர் விரும்பிய சட்டம் இது, ஆகவே மதிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். அவரைவிட அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை; நானும் அதையே ஏற்கிறேன். கபாச்சி பற்றி வாய் திறந்த மாஃபியா உறுப்பினர் சாந்தினோ தி மத்தேயோவை மௌனமாக்க, 1993 நவம்பரில் ப்ரூஸ்காவின் ஆட்கள் காவலர் வேடத்தில் குதிரைப் பயிற்சிக் கூடத்துக்குப் போய், ‘அப்பாவிடம் கூட்டிப்போகிறோம்’ என்று சொல்லி அவருடைய 12 வயது மகன் ஜுசெப்பேயை அழைத்துச் சென்றார்கள். 779 நாட்கள் அடைத்துவைத்த பின் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை அமிலத்தில் கரைத்தார்கள். அந்தச் சிறுவன் எங்கே, எப்படி, யார் கையால் இறந்தான் என்பது இன்று தெரியும் என்றால், கயிற்றைப் பிடித்தவர்களே பின்னர் அப்ரூவர்களாகிச் சொன்னதால்தான்.