லோன்றியில் சாயம் கலைந்த கூறைச்சேலை: யாரைக் கேட்பது?

கூறைச்சேலையின் சிவப்பு சரிகைக் கரைக்குள் இறங்கிட்டுது, லோன்றிக்காரர் "துணிக்கடைப் பிழை" எண்டு கைவிரிக்கினம் எண்டு எழுதியிருந்தீங்கள்.

திரும்பத் தோய்க்காதேங்கோ, அந்தக் கறைதான் உங்கட சாட்சி. நனைச்ச வெள்ளைப் பருத்தித் துணியால உள்மடிப்பில மெதுவாத் தேயுங்கோ. சிவப்பு ஒட்டினால் சாயம் சரியாப் பிடிக்கேல்லை, கடையையும் கேக்கலாம். அதுக்காக லோன்றி தப்பேலாது: தண்ணியில போட முதல் அவையே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேணும். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேணும் எண்டது இலங்கையின்ர 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம்.

கேக்கிற தொகையை எழுதி, பில் பிரதியும் பகல் வெளிச்சத்தில எடுத்த படமும் வைச்சுப் பதிவுத் தபாலில லோன்றிக்கு அனுப்புங்கோ. மசிஞ்சு வராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில முறையிடுங்கோ. சபையின்ர 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அழைச்சும் விசாரிக்கலாம். ஆனால் எழுத்து முறைப்பாடு சேவை பெற்று 3 மாதத்துக்குள்ள போகவேணும், லோன்றியின்ர தவணைப் பேச்சை நம்பி இருந்திடாதேங்கோ.