150 கிலோபேஸ் டிஎன்ஏ செல்லுக்குள் போக மாட்டேன் என்கிறதா?

கேள்வி: சேலம் கருப்பூரில் ஆய்வு மாணவி நான். 5 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) நீளத்தில், பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தின் ஜீன் உள்ள பிளாஸ்மிடை (சிறு வட்ட டிஎன்ஏ), டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட் ரியேஜென்டுடன் கலந்து எச்இகே 293டி என்ற மனிதச் செல்களில் போட்டால் தட்டு முழுக்கப் பச்சை. அதே ஜிஎஃப்பி உள்ள 150 கிலோபேஸ் பாக் (பாக்டீரியாவில் வளர்க்கும் பெரிய செயற்கை வட்ட டிஎன்ஏ) டிஎன்ஏவைப் போட்டால் அங்கொன்றும் இங்கொன்றும்தான் ஒளிர்கிறது. ரியேஜென்டை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம், செல்கள்தான் சாகும். முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரே எடை எடுத்தால், பாக்கில் இருக்கும் மூலக்கூறுகள் பிளாஸ்மிடில் இருப்பதில் 30-இல் ஒரு பங்குதான். எல்லாம் சரியாக நடந்தாலும் பச்சை குறையத்தான் செய்யும். பிளாஸ்மிட் தட்டோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

எனக்குச் சந்தேகம் டிஎன்ஏ மேல்தான். இவ்வளவு நீளமான இழை குறுகிய பிப்பெட் டிப்பில் வேகமாக உறிஞ்சினாலே அறுந்துவிடும். அகல வாய் டிப் வாங்குங்கள். இல்லையென்றால் சாதா டிப்பின் நுனியை வெட்டிக்கொள்ளுங்கள். வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவியின் பக்கமே போகாதீர்கள். டிஎன்ஏ வீழ்படிவை முழுக்கக் காயவிடாமல், பஃபரில் இரவு முழுக்கத் தானாகக் கரைய விடுங்கள். உறைய வைத்து உருக்குவதும் கெடுதல். 4 டிகிரியில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். வெளியூரிலிருந்து வரவழைக்கிறீர்களா? டிஎன்ஏவாக வேண்டாம், அதைச் சுமக்கும், அகாரில் குத்திய பாக்டீரியாவாகக் கேளுங்கள். அது ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் தாங்கும்!

டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் சாதாரண அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். கீழ்நோக்கித் தீற்றலாக இழுத்திருந்தால் டிஎன்ஏ உடைந்திருக்கிறது, அல்லது பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏ கலந்திருக்கிறது. தீற்றல் இல்லாததால் மட்டும் முழுசாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 25 கிலோபேஸுக்கு மேல் அந்த ஜெல் பிரித்துக் காட்டாது. அதற்கு, மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி ஓட்டும் பல்ஸ்டு ஃபீல்டு ஜெல் வேண்டும்.

டிஎன்ஏ நன்றாக இருந்தால், செல்கள் தட்டில் பாதிக்குச் சற்று மேல் நிரம்பி, பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் நிலையில் போடுங்கள். பெரிய டிஎன்ஏ உட்கருவுக்குள் நுழைய, செல் பிரியும்போது உட்கருச் சவ்வு கலைவதுதான் நல்ல சமயம். அதனால் 24 மணி நேரத்தில் முடிவு கட்டாமல் 48, 72 மணி நேரத்திலும் பாருங்கள். அப்புறமும் தேறாவிட்டால், மின் துடிப்பால் செல் சவ்வில் துளை திறக்கும் எலக்ட்ரோபோரேஷனுக்கு மாறுங்கள். ஜீன்களைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸ் யோசனையே வேண்டாம், அதில் 4.7 கிலோபேஸ்தான் அடங்கும்.

நிலையான செல் வரிசை (அந்த டிஎன்ஏவை நிரந்தரமாக வைத்திருக்கும் செல்கள்) வேண்டுமென்றால் இன்னொன்று. பாக்கில் வழக்கமாக இருக்கும் குளோராம்ஃபெனிக்கால் ஜீன் பாக்டீரியாவைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவும். டிஎன்ஏ ஏறிய செல்களை மட்டும் மருந்தில் பிழைக்க வைக்கும் தேர்வு ஜீன் ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆனால் ஜி418 என்ற மருந்துக்கான எதிர்ப்பு ஜீனைச் சேர்த்துவிடாதீர்கள், 293டி செல்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. பியூரோமைசின் அல்லது ஹைக்ரோமைசின் எதிர்ப்பு ஜீன் போதும்.