வேட்பாளர் விலகினால் என் வாக்கு என்னாகும்? உள்ளூராட்சித் தேர்தல் கேள்வி பதில்

இலங்கையின் மாநகர சபை, பிரதேச சபைத் தேர்தல் சட்டம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். வாக்கெண்ணும் கடமையில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எந்தக் கட்சிக்குப் போடலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

கொட்டாஞ்சேனை: அண்ணா, எங்கள் வட்டார வேட்பாளர் பாதியில் விலகி மற்றக் கட்சிக்கு ஆதரவு என்று அறிவித்தால், வாக்குச்சீட்டில் அவர் பெயரை எடுத்துவிடுவார்களா?

எடுப்பதற்கு அவர் பெயரே அதில் இல்லை தம்பி. உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் கட்சியும் சின்னமும்தான் இருக்கும், அல்லது சுயேச்சைக் குழுவும் அதன் சின்னமும். வேட்புமனுவைக் கொடுப்பதும் கட்சிச் செயலாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த முகவர். உங்கள் ஆள் மேடையில் விலகினாலும் நீங்கள் அந்தச் சின்னத்துக்கு இடும் புள்ளடி கட்சிக் கணக்கில் ஏறும்.

பாராளுமன்றத் தேர்தலில் வேட்பாளருக்கு விருப்பு இலக்கம் இருக்கிறது, ஆனால் அங்கேயும் வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு விலக வழியில்லை. விலகிவிட்டேன் என்று அறிக்கை விடலாம், விருப்பு வாக்கை எண்ணத்தான் செய்வார்கள், வென்றுவிட்டால் பதவியை இராஜினாமா செய்ய வேண்டியதுதான். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு 40 பேர் கட்டுப்பணம் கட்டினார்கள், வேட்புமனு கொடுத்தவர்கள் 39 பேர். யோசனை மாறினால் கட்டுப்பணம் கட்டியபின் வேட்புமனு கொடுக்காமல் விட்டுவிட வேண்டும். அந்த 39 பேரில் ஒருவர் ஆகஸ்டில் காலமானார். செப்டெம்பர் 21ஆம் திகதி வாக்குச்சீட்டில் அவர் பெயரும் இருந்தது.

வெள்ளவத்தை: ஐயா, வாபஸ் வாங்கக் கடைசி நாள் எது?

அது இந்தியச் சட்டம் தங்கச்சி. அங்கே பரிசீலனை முடிந்து 2 நாளில் வாபஸ் வாங்கலாம். நம் தேர்தல் அட்டவணையில் அப்படி ஒரு நாள் கிடையாது. தமிழ்நாட்டுச் செய்தியைப் பார்த்துவிட்டு இங்கத்தைய சட்டத்தைப் பேசாதீர்கள், எல்லாருக்கும்தான் சொல்கிறேன்.

வத்தளை: எனக்குக் கொழும்பு மாநகர சபைக்கு வாக்கு உண்டா?

இல்லை. உங்கள் சபை கம்பஹா மாவட்டத்தில். எந்த வட்டாரம் என்று கிராம சேவகரிடம் கேளுங்கள்.

மருதானை: ஒரு வட்டாரத்திலும் வெல்லாத கட்சிக்கு எப்படி ஆசனம் கிடைக்கிறது? இது மோசடி இல்லையா?

மோசடி இல்லை, இதை எல்லாரும் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் ஒரு புள்ளடி இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. முதலில் வட்டாரத்தில் யார் வென்றது என்று பார்ப்பதற்கு, பிறகு முழுச் சபையிலும் கட்சிக்கு எத்தனை ஆசனம் சேர வேண்டும் என்று பார்ப்பதற்கு. 20 உறுப்பினர் உள்ள ஒரு சபையை வைத்துக்கொள்ளுங்கள், 12 பேர் வட்டாரத்தில், 8 பேர் கட்சிகள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலில். செல்லுபடியான வாக்கு 20,000 என்றால் ஆயிரத்துக்கு ஓர் ஆசனம். 9,000 வாக்கு எடுத்த கட்சிக்கு 9 ஆசனம் சேர வேண்டும், அது 8 வட்டாரம் வென்றிருந்தால் பட்டியலில் 1தான். 6,000 எடுத்த கட்சி 4 வட்டாரம் வென்றால் பட்டியலில் 2. 5,000 எடுத்தும் ஒரு வட்டாரமும் வெல்லாத கட்சிக்கு 5 ஆசனமும் பட்டியலிலிருந்து வரும். ஒரு கட்சி சேர வேண்டியதைவிடக் கூடுதல் வட்டாரம் வென்றுவிட்டால் அதைப் பறிக்க மாட்டார்கள், சபை பெருக்கும்.

எங்கள் வட்டாரத்தில் வெல்லாது, போய் என்ன பிரயோசனம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தோற்ற வட்டாரத்து வாக்கும் சபைக்குப் போகிறது. பட்டியலில் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று கட்சிக்காரரை வாசலிலேயே கேளுங்கள்.

கிருலப்பனை: 2023இல் வேட்புமனு கொடுத்தவர்களின் கதி என்ன?

2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் பணம் விடுவிக்கப்படாமல் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2025இல் விசேட சட்டம் கொண்டுவந்து பழைய வேட்புமனுக்களை இரத்துச் செய்து, புதிதாகக் கோரி, மே 6ஆம் திகதி நடத்தினார்கள். தனி ஒருவர் நினைத்தாலும் விலக முடியாத இடத்தில் எல்லாரையும் ஒரே சட்டம் விலக்கியது. இடையில் வேட்பாளராக நின்ற அரச ஊழியர்கள் சம்பளமில்லா விடுமுறையில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களை யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் கோபம்.

தெமட்டகொட: வேட்பாளர் விலகினால்...

முதல் பதிலைப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி: அண்ணா, வட்டாரம் இல்லாமல் வாக்கு வீதத்துக்கு ஆசனம் தந்த பழைய விகிதாசார முறைதான் தமிழருக்கு நல்லது. வட்டாரம் வந்து எங்களைத் துண்டு போட்டது.

பாதி உண்மை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மாதிரி நம்மவர் சேர்ந்து வாழும் இடத்தில் வட்டாரம் உதவும், சிதறி வாழும் இடத்தில் பட்டியல்தான் காப்பாற்றும். 2012 சட்டத்தில் வட்டாரம் 70 வீதம், பட்டியல் 30 வீதம் என்று இருந்ததை 2017இல் 60க்கு 40 ஆக்கியது அதனால்தான் சிறிய கட்சிகளுக்கு முக்கியம்.

மட்டக்குளி (இடையில் வந்து): பம்பலப்பிட்டி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. பழைய முறையில் எங்கள் வாய்க்கால் அடைத்தால் யாரிடம் போவது? இப்போது வட்டார உறுப்பினர் வீடு தெரியும்.

பம்பலப்பிட்டி: வீடு தெரிந்து என்ன, கொழும்பு மாநகர சபையில் 2011இல் 53 பேர், இப்போது 117. கூட்டம் கூடியதுதான் மிச்சம்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆள் பெருகிய செலவு உண்மை, குறைக்க வேண்டும். ஆனால் அந்த 117இல் 48 எடுத்த கட்சி முதலிடத்தில் இருந்தும் தனியாக மேயரை வைக்க முடியவில்லை. பாதிக்கு மேல் ஆசனம் இருந்தால்தான் கட்சியே பெயர் கொடுக்கலாம், இல்லாவிட்டால் சபையில் வாக்கெடுப்பு. 2025 ஜூனில் அது இரகசிய வாக்கெடுப்பாக நடந்து 61க்கு 54 என்று முடிந்தது. சிறிய குழுக்களுக்குப் பேரம் பேசும் பலம் வந்தது இந்த முறையால். அந்தப் பலத்தை உங்களுக்காகப் பாவித்தார்களா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பம்பலப்பிட்டி: அப்படியென்றால் மாகாண சபைக்கும் இதே முறை வரட்டுமே?

2017இல் சட்டமே வந்துவிட்டது. தொகுதி எல்லை அறிக்கையை 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாக்குக்கு விட்டார்கள். எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை, கொண்டுவந்த அரசாங்கமே எதிர்த்தது. எல்லை இல்லாமல் புதிய முறையில் நடத்த முடியாது, பழைய முறைக்குத் திரும்பவும் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். உங்கள் மாவட்ட எம்.பி.யிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.